பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்கலாமா?

அச்சன்புதூர், நெடுவயல், இலத்தூர், வடகரை வட்டார விவசாயிகளிடையே ஓர் எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. சொந்தமாக ஒரு சரக்கு வண்டி இருந்தால் நல்லது என்பதே அது. எண்ணம் நியாயமானதுதான். மேக்கரையிலுள்ள அடவிநயினார் அணைத் தண்ணீரில் காரும் பிசானமும் சாகுபடி செய்கிறவர்களானாலும், கிணற்றுப் பாசனத்தில் வெண்டையும் கத்தரியும் போடுகிறவர்களானாலும், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களானாலும் விளைவிப்பதைவிட விற்பதே பெரும்பாடாக இருக்கிறது. பாவூர்சத்திரம், சுரண்டை சந்தைகளுக்குக் காய்கறி நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். கேரள வியாபாரிகள் சரக்கு எடுத்து முடித்த பிறகு கொண்டுபோய் இறக்கினால் கேட்பாரில்லை. வாடகை வண்டிக்காரர் நாலு தோட்டத்து மூட்டைகளை ஏற்றிவிட்டு ஐந்தாவதாக வந்தால், அந்த ஐந்தாவது தோட்டக்காரருக்கு அன்றைய விலை போயிற்று. ஓணம் சமயத்தில் வண்டி கிடைப்பதே அருமை.

2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகு, மாட்டு வண்டியும் டிராக்டர் டிரெய்லரும் போய்க்கொண்டிருந்த தோட்டத்துப் பாதைகளில் குட்டியானை போக ஆரம்பித்தது. மஹிந்திரா பிக்கப்பும், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தும் சேர்ந்துகொண்டன. இவற்றில் பல இப்போது இரண்டாம் கை, மூன்றாம் கையாக விலைக்கு வருகின்றன. புது வண்டிக்குக் கடன் வாங்கி மாதத் தவணை கட்டுவதைவிட, கையிலுள்ள பணத்தில் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்குவதே சிறு விவசாயிக்கு ஏற்றது. மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் தவணை நிற்பதில்லை. ஆனால் வாங்குகிற முறைதான் கவலை தருகிறது. புரோக்கர் காட்டும் புதுப் பெயிண்டையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து, இருக்கிற பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் மாதமே ஒர்க்‌ஷாப்புக்குக் கடன் சொல்லும் நிலை பலருக்கு ஏற்படுகிறது.

முதலில் வண்டி தேவையா என்று கணக்குப் போட வேண்டும். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு விவசாயிக்கு மாதம் 10 நடை சரக்கு இருப்பதாகவும், வாடகை வண்டிக்கு நடைக்கு 700 ரூபாய் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சொந்த வண்டியில் நடைக்கு 250 ரூபாய் டீசல் போனால் மாதம் 4,500 ரூபாய், வருஷத்துக்கு 54,000 ரூபாய் மிச்சம். ஆனால் இந்த ரகச் சரக்கு வண்டிகளுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியமே 16,049 ரூபாய். அதன் மேல் வரி தனி. எஃப்.சி., சாலை வரி, புகைச் சான்று ஆகியவற்றுக்கு ஒரு 10,000, டயர், பேட்டரி, ஆயில், சில்லறை வேலைக்கு 20,000 என்று எடுத்து வைத்தால் மீதம் 8,000 ரூபாய்கூட நிற்காது. ஓட்டுகிறவருடைய கூலியை இதில் சேர்க்கவே இல்லை. மாதம் 20 நடை இருந்தால், டயர் செலவைக் கூட்டிப் போட்டாலும் வருஷம் 50,000 ரூபாய் அளவில் நிற்கும். அப்போது இரண்டரை லட்ச ரூபாய் வண்டி ஐந்து வருஷத்தில் தன் விலையைத் தானே கொடுத்துவிடும்.

ஆகவே ஒன்றரை ஏக்கர் காய்கறிக்காகத் தனி வண்டி என்பது வீண். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் கணக்கு நேராகும். அப்படிச் சேரும்போது வண்டி யார் பெயரில், யார் எந்த நாளில் ஏற்றுவது, பழுது செலவு எப்படிப் பங்கு என்பதை முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது. அண்ணன் தம்பிகளாக இருந்தாலும் இது பொருந்தும். அண்ணன் தம்பிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும் என்றும் சொல்லலாம்.

எந்த அளவு வண்டி என்பதை நெல் மூட்டையை வைத்தே முடிவு செய்யலாம். முதலில் வந்த டாடா ஏஸின் சுமைத் திறன் 750 கிலோ. 75 கிலோ மூட்டையானால் 10. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமானால் 18. அதே வண்டியில் 20 மூட்டை ஏற்றிப் போவதைத் தென்காசிச் சாலையில் யாரும் பார்க்கலாம். ஸ்பிரிங் பட்டை உடைவதும், சேசிஸில் வெடிப்பு விழுவதும் இதனால்தான். 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். நெல்லும் தேங்காயும் அதிகமென்றால் பெரிய பிக்கப்பாகப் பார்ப்பது நல்லது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பதை நினைவில் வைத்து, ஆர்.சி. புத்தகத்தில் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிய குழப்பமும் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அதிகாலையில், சொல்லாமல் போவது நலம். சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். போனவுடன் எஞ்சின்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும் டீசல் எஞ்சின் தள்ளாமல், நெடுநேரம் செல்ஃப் அடிக்காமல் எழுந்தால் பாதி நம்பிக்கை வரும். பிறகு புகையைக் கவனிக்கலாம். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்ட்டரோ நாசிலோ கோளாறு. இது செலவில் சிறியது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. இது பெரிய செலவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையானால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று தள்ளுமானால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலும் அப்படியே.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வெட்கப்படக் கூடாது. மாடு வாங்கும்போது பல்லையும் குளம்பையும் பார்க்கிறவர்கள், வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்காமல் வருவது விந்தைதான். சேசிஸில் வெல்டிங் தழும்பு, துரு, புதிதாகத் தார் பூசிய இடம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தால் மேல்தோல் மறையும்; சேசிஸ் மறையாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், அச்சு நேராக இல்லை என்று சொல்லும். கடைசியாக, பத்து மூட்டை பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். மேட்டில் எஞ்சின் சத்தம் கூடியும் வண்டி நகரவில்லையானால் கிளட்ச் போயிற்று.

எவ்வளவு பழையது வாங்கலாம் என்பதில் இரண்டு கருத்து உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து இலத்தூர் வரை, திரும்ப வீடு என்று குட்டை நடையாகவே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பேனரால் அதைச் சரிசெய்ய இயலாது. அதற்காக 15 வருஷத்து வண்டிக்கும் போகக் கூடாது. அந்த வயதுக்கு மேல் எஃப்.சி. கட்டணம் வெகுவாகக் கூடிவிடுகிறது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருஷா வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஏழிலிருந்து பத்து வருஷத்துக்குட்பட்ட, ஒரே கை ஓட்டிய வண்டிதான் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தம். கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியலாம். அங்கே கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியில் உப்புக் காற்றுத் துரு இருக்கும். தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மாற்றிப் பதியும் செலவும் அலைச்சலும் வேறு.

எஞ்சின் கோளாறு பணத்தோடு போகும். காகிதக் கோளாறு நிலத்தையே கேட்கும். "பெயர் மாற்றத்தை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். கைமாறிய வண்டியால் விபத்து நேர்ந்தால், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. விற்கிறவருக்கும் இதில் ஆபத்து. நாளைக்கு இதே வண்டியை விற்கப்போகும் விவசாயியும் அந்த இடத்தில்தான் நிற்பார். வாங்குகிறவருக்கோ பழைய உரிமையாளரின் கடன் ஆபத்து. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் முன்பணத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒருநாள் மூட்டையோடு வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, வரியும் அபராதமும் பாக்கி உண்டா என்பதை அரசின் வாகன் இணையத் தளத்தில் பார்த்துவிடலாம். படிவம் 29, 30 இரண்டிலும் விற்கிறவரின் கையெழுத்தோடு, தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதல் சுமை ஏற்றுமுன்பே கொடுத்துவிட வேண்டும். கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கையிலுள்ள பணத்தில் நாலில் ஒரு பங்கை விலைக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது அவசியம். அதில்தான் டயர், பேட்டரி, ஃபில்ட்டர்கள், ஆயில், பிரேக் வேலை எல்லாம் முதல் வாரமே நடக்க வேண்டும். வண்டியில் வைக்க வேண்டிய சாமான்களும் அதில்தான். பாட்டுப் பெட்டியும் கலர் விளக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காற்றுள்ள ஸ்டெப்னி, பாரம் தாங்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் முதலில். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு; வயல் ஓரத்தில் அது இல்லாமல் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு கட்டை. கிழியாத தார்ப்பாய் ஒன்று கட்டாயம். குற்றாலச் சாரலில் நனைந்த வெங்காயத்தையும் மிளகாயையும் எந்த மண்டியிலும் விலைக்குக் கேட்பதில்லை. நல்ல கயிறு, இழுவைக் கயிறு, ஃபேன் பெல்ட் ஒன்று, ஃபியூஸ், பல்பு, ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், ஒரு கேன் தண்ணீர், டார்ச், சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி ஆகியவை ஒரு சாக்குக்குள் அடங்கும். தக்காளிக்குப் பிளாஸ்டிக் டிரேக்கள் வாங்குவது செலவல்ல. சாக்கில் கட்டிய தக்காளி பாதி வழியிலேயே சாறாகிவிடுகிறது.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளாவுக்குச் சரக்கு கொண்டுபோக நினைப்பவர்கள் அந்த மாநில வரி விதிகளை விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும். அதைவிட முக்கியம் புளியரை எஸ் வளைவு. பாரத்தோடு இறங்கும்போது டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது சிலருடைய வழக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்போதுதான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிக்காமல் இருக்க முடியாது. நடவுக்கும் களைக்கும் பெண்களைப் பின்னால் ஏற்றி வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏற்றி வரும் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் பாதுகாப்பு உண்டு. சுமை ஏற்றி இறக்கும் ஆட்களுக்குத் தனிப் பிரீமியம் கட்டி வைக்கலாம். நடவுக்கு வரும் பத்துப் பெண்கள் இந்த இரண்டிலும் சேர மாட்டார்கள். வண்டி கவிழ்ந்தால் அவர்களுடைய குடும்பமும் அழியும், ஈடு கொடுத்து வண்டிக்காரர் குடும்பமும் அழியும். அவர்களை அழைத்து வர ஆட்டோவுக்கோ வேனுக்கோ ஆகும் வாடகையை நடவுச் செலவோடு சேர்த்தே எழுத வேண்டும்.