விடுமுறைக்குப் போனால் என்ன?

லண்டனிலும் பெர்லினிலும் படிக்கும் நம் சேரிப் பிள்ளைகள், மூன்று நாள் லீவில் நண்பர்களோடு ஸ்பெயின் கடற்கரைக்குப் போய்ப் படம் போடுகிறார்கள். உடனே, "அரசுப் பணத்தில் படிக்கப் போய் ஊர்சுற்றலா?" என்ற கேள்வி வருகிறது. மற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் இதை யாரும் கேட்பதில்லை, தோழர்களே.

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் வெயில் என்றால் நமக்கு நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, நினைத்த மாத்திரத்தில் மிராசுதார் ஆளை நீக்கலாம். அங்கே விடுமுறையை யார் கேட்பது?

சுற்றுலாவும் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1934இல் தோழர்களோடு எல்லோரா பார்க்கக் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்கே, தண்ணீர் தீட்டாகிவிட்டதென்று கூட்டம் கூடியது. கோட்டைக்குள் அவர்கள் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள, ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவர் கூடவே அனுப்பப்பட்டார். அதனால்தான் அந்தக் கடற்கரைப் படங்கள் எங்களுக்குப் பிடிக்கின்றன. ('கறுத்துப் போயிடுவ' என்னும் அத்தைகளைத் தனியாகக் கவனிப்போம்.)

ஆனால் இன்னொரு பயணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு 2013இல்தான் சட்டமானது. அதையும் காசு கொடுத்து முதலாளி வாங்கிக்கொள்ளலாம். மாதம் ஒருநாளாவது அப்படி வாங்க முடியாது என்றானது 2023இல். நம் அக்காக்கள் கையெழுத்துப் போடும் முன், ஒப்பந்தத்தில் ஓய்வுநாள் பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்ல, அந்தப் படம் போடும் பிள்ளைகளால் முடியும்.