பாதை மட்டும் கார்பெட் ஆனது

தலைமன்னாரிலிருந்து வஹகோட்டைக்கு வானில் வந்தால், இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினாலும் ஆறு மணித்தியாலம் பிடிக்காது. மதவாச்சி வரை ஏ14, தம்புள்ள வரை ஏ9, பிறகு கலேவெல பக்கம் திரும்பவேண்டும். பிரதான ரோடு முழுக்க கார்பெட். எங்களில் பாதிப்பேர் நித்திரை. நல்ல ரோட்டின் குணமே அதுதான், ஊரைப் பார்க்க விடாது.

விழித்திருந்தவர்களுக்கு நிலம் மாறுவது தெரிந்தது. பனையும் உப்புக்காற்றும் போய், முள்ளுக்காடு, குளக்கட்டு, வயல். தம்புள்ளையில் மரக்கறி லொறிகளின் வரிசை. அதைத் தாண்டினால் மிளகுக்கொடியும் பலாவும் குளிரும். "அப்பாடா, ஏசியை நிப்பாட்டு" என்று ஒரு குரல்.

அந்தக் குளிரைத் தொடுவதற்காக நடந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம், மன்னார்க் கரையில் இறங்கி தம்புள்ள, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தது. வாந்திபேதி, பசி, தண்ணியில்லாத காடு. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023இல், மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் 16 நாள் நடைபயணம் போனது. சுமார் 250 கிலோமீட்டர். நாங்கள் அதை ஒரு காலைப்பொழுதில் உருட்டிவிட்டோம். மதவாச்சிக்குப் பிறகு எங்கள் கண்ணில் பட்ட பலகைகளில் விகாரை இருந்தது, குகை இருந்தது, வாசனைத் திரவியத் தோட்டம் இருந்தது. இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

வஹகோட்டைக்கு வந்து சேர்ந்ததும் இது இன்னும் உறுத்தியது. இது போர்த்துக்கேயர் வழிவந்தவர்களின் ஊர் என்று அறியப்பட்டது. இன்று பேசுவது சிங்களம். அந்தோனியார் கோயிலுக்குத் தமிழரும் வருகிறார்கள், வேறு சமயத்தவரும் வருகிறார்கள். கடல் கடந்து வந்த மூதாதையர் இங்கே பெருமை. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதே மாவட்டத்தில், இந்த மண்ணைக் கொத்திக் காசாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு மூதாதையர் கடல் கடந்து வந்ததே குற்றமானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. திரும்பிப் போனவர்களில் ஏராளமானோர் ரயிலேறி இறங்கியதும் தலைமன்னாரில்தான். பாட்டன் நடந்து வந்த துறைக்கே பேரன் பெட்டியோடு போனான்.

"பழசைக் கிளறி என்ன பிரயோசனம், ரோடு நல்லா இருக்கே" என்று சிலர் கேட்கிறார்கள். ரோடு நல்லா இருக்கிறது, உண்மை. பிரதான பாதையை விட்டுத் தோட்டத்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள். தார் கரைந்த கல்லும் குழியுமாக லயத்துக்குப் போகிற பாதைகள் இன்னும் இருக்கின்றன. மழை நாளில் ஆட்டோக்காரர் பாதியில் இறக்கிவிடுவார், பிள்ளைத்தாய்ச்சி மிச்சத்தை நடக்கவேண்டும். அங்கே நடை இன்னும் முடியவில்லை.

எங்களுக்கு இரண்டும் வேண்டும். லயத்துக்குத் தார் போடவேண்டும். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவில், பஸ் நிற்கிற இடமாகப் பார்த்து, மூன்று மொழியிலும் ஒரு கல் நடவேண்டும். நாலந்தா கெடிகேக்குத் திரும்புகிற சந்தி என்றால் வசதி, அங்கே வெளிநாட்டுக்காரரும் இறங்குவார்கள்.