பருப்பு வேகாத நீர்

மைசூருவில் வாடகைக்கு வீடு தேடுவோர், வாடகையையும் முன்பணத்தையும் விசாரித்த பின்னர்க் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: "காவிரி நீரா, போர் நீரா?" பணிமாற்றம் பெற்று வரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் வீட்டில் இவ்வினாவைக் கேட்கத் தவறுவதுண்டு. இரண்டாம் வீட்டிற்குச் செல்லும்போது மறப்பதில்லை.

நகரின் பழைய பகுதிகள் பேறு பெற்றவை. காவிரியின் நீரும் கபினியின் நீரும் குழாய்களின் வழியே அங்கு வந்து சேர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையில் பிறந்து விரைந்து ஓடிவரும் அந்நீர் மென்மையானது. வெளிவட்டச் சாலைக்கு அப்பால் நிலைமை வேறு. ஹூட்டகள்ளி, போகாதி போன்ற பகுதிகளிலும் அவற்றைச் சூழ்ந்து எழுந்துள்ள புதிய மனைப்பிரிவுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளே பல வீடுகளுக்கு ஆதாரம். மழைநீர் மண்ணுள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகிறது. சுக்கான் கல்லையும் பாறை வெடிப்புகளையும் அது அரித்துக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. நீண்ட காலம் பாறையிடுக்கில் தங்கிய நீரே மிகுந்த கடினத்தன்மை உடையது. தமிழ்ப் பாடநூல் அதனைக் கடின நீர் என்கிறது. கன்னடத்தார் 'கடஸு நீரு' என்பர்.

இந்நீர் வீட்டிற்குள் செய்யும் வேலை ஓசையற்றது. துவரம்பருப்பு எத்தனை சீட்டி அடித்தாலும் கரைவதில்லை. பருப்பின் செல்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் மேலும் இறுக்கிவிடுவதே காரணம். 'உன் பருப்பு இங்கே வேகாது' என்று பேச்சில் சொல்கிறோமே, அது இந்நகரின் ஓரங்களில் வேதியியல் உண்மை! நீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிகிறது. வெந்நீர்க் கருவியின் கம்பிச்சுருள் மீதும் அதுவே படிந்து, வெப்பம் நீருக்குச் செல்லாமல் தடுக்கிறது. மின்கட்டணம் உயர்கிறது, சுருள் விரைவில் பழுதாகிறது. மைசூருவின் பெயரைத் தாங்கி உலகெங்கும் செல்லும் சந்தனச் சோப்பு, மைசூருவின் போர் நீரில் நுரைக்க மறுப்பது ஒரு வேடிக்கை. நுரைக்கு மாறாகச் சாம்பல்நிற ஆடையொன்று வாளியில் மிதக்கிறது.

இச்சிறு தொல்லைகளின் அளவைக் கணக்கிட்டால் வியப்புண்டாகும். இந்தியத் தரநிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 மில்லிகிராம் நீரை நாளொன்றுக்கு 500 லிட்டர் பயன்படுத்தும் குடும்பம், 300 கிராம் சுண்ணாம்புக்கு நிகரான உப்புகளை நாள்தோறும் வீட்டிற்குள் அழைத்துவருகிறது. அதில் ஒரு பகுதியேனும் குழாயிலும் பாத்திரத்திலும் துணியிலும் தங்கிவிடுகிறது. அதனைப் புளியும் எலுமிச்சையும் கொண்டு தேய்த்து அகற்றும் உழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. எந்தக் கட்டணச் சீட்டிலும் அவ்வுழைப்பு எழுதப்படுவதில்லை.

கடின நீரால் சிறுநீரகக் கல் உண்டாகும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. அஃது உறுதியாக நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதனையும் விதிக்கவில்லை. அஞ்ச வேண்டியது வேறு. ஆழ்துளை நீரில் சில இடங்களில் கலந்திருக்கும் புளூரைடுக்கு நிறமில்லை. நாவால் அறியவும் இயலாது. அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் உடலிற் சேர்ந்தால் பற்களும் எலும்புகளும் கேடுறும். கொதிக்க வைத்தால் அது நீங்குவதில்லை. வெண்படலத்தைக் கண்டு கவலையுறும் குடும்பங்கள் நீரை ஒருமுறையேனும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

பலரும் நாடும் மருந்து ஆர்.ஓ. கருவி. புளூரைடு மிகுந்த இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. எனினும், ஒரு லிட்டர் நீரைத் தூய்மையாக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவிகளே வீடுகளில் மிகுதி. நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கும் ஊரில் இஃது எவ்வகைச் சிக்கனம்? காவிரி நீர் வரும் வீடுகளிலும் அக்கருவியைக் காணலாம். கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீருக்கு அதனைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டிலேயே அரசுக்கு ஆணையிட்டது.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்று இரண்டாகப் பிரித்தே தமிழ்நாட்டு வீடுகள் இன்றளவும் நீரைப் பேசுகின்றன. நிலத்தடி நீர் உவர்ப்பான இராமநாதபுரம் பகுதியில் மழைநீரைத் தேக்கிய ஊருணி குடிப்பதற்கென்றே காக்கப்பட்டது. துவைப்பதும் குளிப்பதும் வேறிடத்தில். தார்ப் பாலைவனத்து இராஜஸ்தான் மக்களும் மழையைத் 'டாங்கா' எனப்படும் நிலத்தடித் தொட்டியில் சேமித்துக் குடித்தனர். உவர்க் கிணற்று நீரைக் கால்நடைக்கும் கழுவுதற்கும் விட்டனர். எல்லா வேலைக்கும் ஒரே நீர் என்பது குழாய் தந்த பழக்கம்.

மைசூருவோ பாலைவனமன்று. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது மட்டும் 75,000 லிட்டர். வானத்து நீரில் கால்சியம் இல்லை. பருப்பு உடனே வேகும். குடிக்கவும் சமைக்கவும் நால்வருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் போதும் எனக் கொண்டால், டிசம்பர் முதல் மார்ச்சு வரையிலான மழையற்ற நான்கு மாதங்களுக்கு 2,400 லிட்டரே தேவை. முதல் மழையை வெளியேற்றிவிட்டு, வடிகட்டி, கொசு புகாமல் மூடிய 3,000 லிட்டர்த் தொட்டி அதற்குப் போதுமானது. குடிக்கும் நீரை மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம். தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் போர் நீரே இருக்கட்டும்.

வாடகை வீட்டில் தொட்டி கட்டுவது எவ்வாறு என்பர். அவ்வினா நேர்மையானது. பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்த குடும்பம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறது. பிறர் மாடியில் அது செலவிட முன்வராது. ஆகவே இப்பொறுப்பு வீட்டு உரிமையாளருக்கும், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலகங்களுக்குமே உரியது. வாகனம் நிறுத்த இடம் கேட்கும் விதிகள், ஒரு மழைநீர்த் தொட்டிக்கும் இடம் கேட்பதில் தவறில்லை. அதுவரை, மே மாதத்துக் கோடை மழையில் மாடிக் குழாயின் கீழே மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைப்பதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. ஒரு வாரத்துச் சாம்பாருக்கு அது போதும்.