அனுமதியும் அமானிதமும்



உங்கள் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு ஊசி போட உங்களுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர் ஒப்பமிட்டுச் சம்மதம் தந்தால் ஏற்பீர்களா?

2009ஆம் ஆண்டில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இதுவே நடந்தது. 10 முதல் 14 வயதுச் சிறுமியர் ஆயிரக்கணக்கானோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பழங்குடி மாணவியர் பலரின் சம்மதப் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இம்முறைகேட்டை வன்மையாகக் கண்டித்தது.

தடுப்பூசி நன்மருந்தே, அதில் ஐயமில்லை. குறை மருந்திலன்று, முறையில்தான். எழுத்தறியாத ஏழையிடம் விளக்கிச் சொல்லாமல் குறுக்குவழி தேடப்பட்டது. அதனால் நல்ல மருந்தின்மீதும் மக்களுக்கு அச்சம் பிறந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். திருமறையின் அந்நூர் அத்தியாயமோ, சிறாரும் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டுமென்றும், பருவமடைந்தபின் எப்போதும் அனுமதி கேட்க வேண்டுமென்றும் கற்பிக்கிறது. பிள்ளைகளையே அனுமதி கேட்கப் பழக்கும் மார்க்கம், அப்பிள்ளைகளின் உடல் விஷயத்தில் அனுமதி வேண்டாமென்று கூறுமா?

பெற்றோரே! பள்ளியிலிருந்து வரும் படிவத்தைப் படித்தறியாமல் ஒப்பமிடாதீர்கள். எதற்காக, என்ன விளைவு, குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். வளர்ந்த பிள்ளையிடமும் விளக்கி, அதன் விருப்பத்தைக் கேளுங்கள்.

ஆசிரியர்களே! மாணவியின் நோயை வகுப்பறையில் உரக்க வாசிக்காதீர்கள். அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.