கண்ணாடிப் பெட்டி வேண்டாம், காற்றுப் பெட்டி போதும்

மாணவர்களே, புதிதாகக் கணினி பொருத்த வீட்டில் பணம் ஒதுக்கினால் உங்களில் பலர் முதலில் பார்ப்பது கேசிங் எனப்படும் பெட்டியைத்தான். முன்புறம் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு இருந்தால் மனம் அதிலேயே நின்றுவிடும். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு அந்தப் பெட்டி பொருந்தாது என்பதே என் கருத்து.

காரணம் அழகல்ல, வெப்பம். நம் ஊர்க் காற்று ஆண்டு முழுவதும் சூடும் ஈரமும் நிறைந்தது. செம்பனைக் காட்டு மண் சாலையில் லாரி போனால் தூசி வீட்டுக்குள் வரும். முன்புறம் முழுக்க அடைத்த பெட்டியில் விசிறிக்குக் காற்றுக் கிடைக்காது. உள்ளே சூடேறினால் முதலில் வாடுவது மின்தேக்கி. தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் சிறு உருளைகளாக நிற்கும் இவற்றுள் பல, திரவம் கொண்டவை. அவை 10 பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டில் இயங்கினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. இன்று வாங்கும் பெட்டி, நாளைய பழுதைத் தள்ளிப்போடும் அல்லது விரைவில் அழைத்து வரும்.

ஆகவே பெட்டி வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, முன்புறம் கம்பிவலை போல் துளைகள் இருக்க வேண்டும். காற்று முன்னே நுழைந்து, பின்னும் மேலும் வெளியேற வேண்டும். இரண்டாவது, கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி. காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியேற்றுபவற்றைவிடச் சற்று வலுவாக இருந்தால், தூசி இடுக்குகளில் புகாமல் வடிகட்டியிலேயே தங்கும். மூன்றாவது, அளவு. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரப்படி முழுத் தாய்ப்பலகை 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. வரைகலை அட்டையின் நீளத்தையும் குளிர்விப்பியின் உயரத்தையும் அளந்த பிறகே கடைக்குப் போங்கள். விளக்குக்குக் கொடுக்கும் வெள்ளியை நல்ல மின்வழங்கிக்குக் கொடுங்கள்.

அடுத்தது பழுது. கணினி எழவில்லை என்றதும் “போர்டு போச்சு” என்று முடிவு கட்டுகிறோம். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் மாறிகளைப் படித்தோமே, அது இங்கேதான் உதவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். முதலில் மின்கம்பியையும் சுவர்ச் செருகியையும் மாற்றிப் பாருங்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து, ரேம் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனையை மென்மையான அழிப்பானால் துடைத்துப் பொருத்துங்கள். ஈரக் காற்றில் அந்த முனை கறுத்துத் தொடர்பு விட்டுப்போவது உண்டு. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் தரம் குறைந்த மின்தேக்கிகளால் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் இப்படித்தான் கெட்டன. இத்தனையும் செய்த பிறகு புதுப் பாகம் வாங்கினால் பெற்றோரின் பணம் வீணாகாது.

மின்வழங்கியை மட்டும் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் சுரீரென்கிறதா? நம் மூன்று முனைச் செருகியின் நீண்ட முனை, பெட்டியை நிலத்தோடு இணைக்கிறது; அந்த இணைப்பு வீட்டுக் கம்பியில் அறுந்திருக்கலாம். பழைய லயத்து வீடுகளில் இதை அலட்சியம் செய்யாதீர்கள். கணினியை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். இடி முழங்கும்போது மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் இரண்டு வழியிலும் வரும்.

புதிதாக வாங்கிய பாகமே பழுதாக இருந்தால்? ரசீதையும் பெட்டியையும் எறியாதீர்கள். கடைக்காரர் கைவிரித்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் உங்கள் பெற்றோர் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்த ஒன்று ஐந்தாம் படிவம் வரை உழைக்க வேண்டும். இந்த வாரம் உங்கள் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். வழி அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.