பாட்டியும் பேரனும் ஏறும் மலை

மலையேற்றம் என்றவுடன், பனிச் சிகரத்தில் கொடி நாட்டும் வீரர்களின் படங்களே நம் கண்முன் வந்து நிற்கின்றன. பாட்டியும் பேரனும் கைகோத்துக் கொண்டு ஏறும் மலையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அத்தகைய மலை ஒன்று ஜப்பானின் தலைநகரமாகிய டோக்கியோவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. தக்காவோ என்பது அதன் பெயர். உயரம் 599 மீட்டர்தான். ஷின்ஜுகு நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம் வந்துவிடும்.

நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில், இலைகள் நிறம் மாறும் பருவத்தில், அங்கே கூடும் ஜனத்திரளைப் பார்த்தால், மலையில் இலைகள் அதிகமா, தலைகள் அதிகமா என்ற சந்தேகமே உண்டாகும். இலை ஏன் சிவக்கிறது என்று குழந்தை கேட்டால் திகைக்க வேண்டியதில்லை. இலையிலுள்ள பச்சைப் பொருள் சிதைந்ததும், அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ, வெயிற் பகலும் குளிர்ந்த இரவும் மாறி மாறி வரும்போது, இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாகத் தயாராகிறது. உதிரப் போகிற இலைக்கு இத்தனை அலங்காரம்!

நடக்க இயலாதவர்களுக்காக 1927-ஆம் வருஷம் முதல் இழுவை ரயில் ஒன்று பாதி மலைவரை ஓடுகிறது. அதற்கு மேலே பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. 108 படிகள் கொண்ட செங்குத்தான வழிக்கு 'ஆண் சரிவு' என்று பெயர். சுற்றிச் செல்லும் சாய்வான வழிக்குப் 'பெண் சரிவு' என்று பெயர். இரண்டும் சிறிது தூரத்தில் ஒன்று சேர்ந்து விடுகின்றன. பெயர் வைத்தவர், தொந்தி விழுந்த குடும்பத் தலைவர்களைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய நகரத்தின் வாசலில் காடு எப்படித் தப்பிப் பிழைத்தது? மலைமேல் யாகுவோயின் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. 744-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டதாகச் சொல்லுகிறார்கள். மலை முழுவதும் புனித பூமி. 16-ஆம் நூற்றாண்டில் அப்பிரதேசத்தை ஆண்ட ஹோஜோ வம்சத்தார் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தார்கள். பின்வந்த ஷோகன்களின் ஆட்சியிலும் காடு காக்கப்பட்டது. 1967-ல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாயிற்று. இதன் பலனாக, அந்தச் சிறிய மலையில் ஏறக்குறைய 1,600 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. தெற்குச் சரிவில் என்றும் பசுமையான மரங்கள். வடக்கில் இலையுதிர்க்கும் மரங்கள்.

வழியில் ஒரு தேவதாரு மரம், வேர்களை ஆக்டோபஸ் பிராணியின் கைகளைப் போல் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. பாதை போடுவதற்காக அதை வெட்ட நினைத்தார்களாம். மரம் ஒரே இரவில் வேர்களை மடக்கி வழி விட்டதாம்! ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி வழி விட முடியுமா? அதிவேக மோட்டார் சாலைக்காக மலையின் வயிற்றையே குடைய முற்பட்டபோது, ஊற்றுகள் வற்றிப் போகும் என்று அஞ்சிப் பலர் நியாயஸ்தலம் ஏறினார்கள். வழக்குப் பலிக்கவில்லை. 2012-ல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. கோடரியை நூற்றாண்டுக் கணக்காகத் தடுத்த மலை, துளைக்கும் யந்திரத்திடம் தோற்றது. மேலே நடக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சாலையின் சத்தம் கேட்காமல் இருக்கலாம். அதற்காக அது நல்ல காரியமாகிவிடாது.

வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து பூஜி மலை தெரியும். மாமிசம் உண்ணாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வழிக்கடைகளில் கிடைக்கும் 'ஸோபா' சேவையின் சாற்றில் வழக்கமாக மீன் கலந்திருக்கும். ஆலயத்தில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சைவ உணவு கிடைக்கும். இல்லையேல் கட்டுச்சாதமே உத்தமம். அந்த மாதத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து விடுகிறது. மரங்களுக்கடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். இழுவை ரயிலுக்கு நிற்கும் வரிசையோ மிக நீளம். ஆகையால் பேரன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும், இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பாட்டியின் பையில் ஒரு கைவிளக்கு இருக்கட்டும்.