பகடையும் கடிகாரமும்

சொக்கட்டானைப் போலப் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டங்களுள் பேக்கேமன் ஒன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து, 24 முக்கோண வீடுகள் தீட்டிய பலகையில், ஆளுக்கு 15 காய்களைச் சுற்றிக் கொணர்ந்து முதலில் வெளியேற்ற முயல்வர். மேல்நாட்டுப் பந்தயங்களில் இதனைக் கடிகாரம் வைத்து ஆடுதல் இப்பொழுது பெருவழக்காயிற்று. வழக்கம் வேண்டுவதே. எனினும், நேரத்தை அளக்கும் விதியும் பகடை உருட்டும் கருவியும் ஒன்றற்கொன்று பொருந்தாவிடின் அநீதி விளையும் என்பது நமது அபிப்பிராயம்.

சதுரங்கப் பந்தயத்தில் 1883-ஆம் ஆண்டே இலண்டனில் இரட்டைக் கடிகாரம் இடம்பெற்றுவிட்டது. அங்கு இன்ன காலத்துள் இத்தனை நகர்த்தல் என்று வகுத்தல் எளிது. பேக்கேமனிலோ ஆட்டத்தின் நீளம் ஆடுவோர் கையில் மட்டும் இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொருவருடைய காய்களும் கடக்கவேண்டிய தூரம் 167 புள்ளி. இரு பகடைகளிலும் ஒரே எண் விழுந்தால் அது நான்கு முறை ஆடப்படும். அதையும் சேர்த்தே ஓர் உருட்டலுக்குச் சராசரி 8-க்குச் சற்று மேல். கணித வகுப்பு நண்பர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆகவே, இடையூறின்றிச் சென்றாலும் ஏறக்குறைய 20 முறை உருட்ட வேண்டும். நடுவே காய் அடிபட்டால் அது பயணத்தை முதலிலிருந்து தொடங்கும். அடிமேல் அடி விழுந்தால் 20 என்பது 40 ஆகவும் கூடும். பொறுமையோடு தற்காத்து நின்றவரே கடிகாரத்தால் தோற்பாராயின், அது என்ன நியாயம்?

ஆதலின், ஒவ்வொரு முறையும் 12 விநாடி கழிந்த பின்னரே சேமிப்பு நேரம் குறையத் தொடங்கும் முறையை நாம் ஆதரிக்கின்றோம். அமெரிக்கப் பந்தயங்களில் இது வழங்குகின்றது. சேமிப்பு புள்ளிக்கு 2 நிமிடம். 7 புள்ளிப் பந்தயமாயின் ஆளுக்கு 14 நிமிடம்.

ஆனால், அந்த 12 விநாடிக்குள் அடங்கவேண்டியவை எத்தனை! பகடைகளைத் திரட்டிக் கிண்ணத்திலிட்டுக் குலுக்கித் தம் வலப்புறப் பலகையில் உருட்டிய பின்னரன்றோ சிந்தனை தொடங்கும்? ஒரு பகடை காயின்மேல் சாய்ந்து நின்றாலும், வெளியே துள்ளினாலும், இரண்டையும் மீண்டும் உருட்ட வேண்டும். அப்பொழுது ஓடுவது உருட்டியவர் கடிகாரமே. நேரம் நெருக்க நெருக்கக் குலுக்கல் குறையும். அரைகுறையாய்க் குலுக்கிக் கவிழ்க்கும் கையை எதிராளி ஐயுறுவார். ஐயம் புகுந்தபின் ஆட்டத்தில் இன்பமேது?

இதற்கு மருந்து மிகப் பழையது. உள்ளே சரிவுத் தட்டுகள் அமைந்த சிறு கோபுரத்தின் உச்சியில் பகடைகளை இட்டால், அவை தட்டுக்குத் தட்டு மோதிப் புரண்டு அடியில் வந்து விழும். உரோமர் இதனை அறிந்திருந்தனர். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய உலோகக் கோபுரம் ஒன்று 1985-இல் ஜெர்மனியில் அகப்பட்டது. இருவர்க்கும் பொதுவாக ஒரு கோபுரத்தை வைத்துவிட்டால் கைத்திறத்தைப் பற்றிய ஐயம் ஒழியும். குலுக்கும் நேரமும் மிஞ்சும். எப்பொழுதேனும் ஒரு பகடை உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு; அவ்வேளை கடிகாரத்தை நிறுத்துக என்று ஒரு விதி செய்தால் தீர்ந்தது.

கிண்ணம் குலுங்கும் ஓசையில் தனி மகிழ்ச்சி உண்டு என்பர். மறுக்கவில்லை, வீட்டுத் திண்ணையில் அது குலுங்கட்டும். பந்தயத்தில் கோபுரத்தோடு பகடையும் ஒரே இணையாக இருத்தல் நலம். கடிகாரம் இல்லாதபோது, ஆடியவர் தம் பகடைகளை எடுப்பதே அவர் முறை முடிந்ததற்கு அடையாளம். கடிகாரம் வந்தபின் பொத்தானை அழுத்துவதே அடையாளம். ஆளுக்கோர் இணை இருந்தால், அழுத்துமுன்பே அடுத்தவர் உருட்டிவிடுவதும் அதனால் வழக்கு எழுவதும் நேரும். ஒரே இணையாயின், அவசரப்பட்டு உருட்ட அவர் கையில் பகடையே இராது.